டிரெயில் ஓட்ட எந்த ஹெல்மெட்: ஹாஃப் ஷெல் போதுமா, ஃபுல் ஃபேஸ் வேண்டுமா?

மண்_சக்கரம்:

வணக்கம் மக்களே. சாலை சைக்கிளுக்கு வாங்கிய ஹெல்மெட்டையே காட்டுப்பாதையிலும் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது 140 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு மாறியாகிவிட்டது, வண்டி தாங்குகிறது என்ற தைரியத்தில் போகும் பாதையும் நாளுக்கு நாள் செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. பெரும்பாலும் நானே மிதித்து ஏறி, பாறையும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் இறங்குவேன். எப்போதாவது பைக் பார்க். பெரிய ஜம்ப் பக்கம் போவதில்லை, திட்டிலிருந்து இறங்கும் சின்ன டிராப் இருந்தால் விடுவதும் இல்லை.

முகம் திறந்திருக்கும் ஹாஃப் ஷெல், தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ், தாடைப்பகுதியைக் கழற்றி மாட்டும் கன்வர்ட்டிபிள் என்று மூன்று வகை பார்த்தேன். உள்ளே நகரும் உறையான மிப்ஸ் இருந்தால் விலை ஏறுகிறது, அது உண்மையில் உதவுமா? இன்னொன்று, இப்போதுள்ள ஹெல்மெட் ஒரு மணி நேரத்தில் நெற்றி நடுவில் சிவப்பாகத் தடம் போட்டுவிடும். பெரிய சைஸ் எடுத்தால் சரியாகுமா?

வேரும்_பாறையும்:

முதலில் நீங்கள் எப்படி விழுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தார்ச்சாலையில் பெரும்பாலும் பக்கவாட்டில் சரிவோம். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் பாறை இடுக்கில் சிக்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து முகம் குப்புறத்தான் விழுவோம், கை ஊன்ற நேரம் இருக்காது. மூக்கு, பல், தாடை எதையும் ஹாஃப் ஷெல் காப்பாற்றாது. டிரெயிலுக்கென்று வரும் ஹாஃப் ஷெல் பின்மண்டையிலும் பொட்டுப் பக்கத்திலும் சாலை ஹெல்மெட்டைவிடக் கீழே இறங்கியிருக்கும், அது நல்லதுதான். ஆனால் முகம் திறந்தேதான் இருக்கும்.

அதற்காக நேரே டவுன்ஹில் (வேகமாக இறங்க மட்டுமே ஓட்டுவது) ஃபுல் ஃபேஸ் வாங்கிவிடாதீர்கள். அது ஒரு கிலோவைத் தொடும், ஏற்றத்தில் தலை அடுப்பாகிவிடும், இரண்டாவது வாரமே கழற்றிப் பையில் தொங்கவிடுவீர்கள். தொங்குகிற ஹெல்மெட்டால் யாருக்கு என்ன லாபம்? இப்போது மிதித்து ஏறுவதற்கென்றே இலகுவான ஃபுல் ஃபேஸ் வருகிறது, ஃபாக்ஸ் புரோஃபிரேம் மாதிரி. 700 முதல் 850 கிராமுக்குள் இருக்கும், தாடைப்பகுதியிலும் காற்றோட்டத் துளைகள் பெரிதாக இருக்கும். உங்கள் விவரத்தைப் படித்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 1078, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் தரம் இரண்டும் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான பொதுத் தரங்கள், தாடைப்பகுதியை அவை சோதிப்பதே இல்லை. அதைச் சோதிப்பது டவுன்ஹில்லுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1952. முகத்தை மூடியிருக்கிறது, ஸ்டிக்கரில் ஈஎன் 1078 மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தத் தாடைப்பகுதி எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு அந்த ஸ்டிக்கர் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். கன்வர்ட்டிபிள் வகையில் இதை இரண்டு முறை பாருங்கள். பெல் சூப்பர் டிஹெச் போல எஃப்1952 வாங்கியவையும் உண்டு, வாங்காதவையும் உண்டு.

அளவுநாடா:

சைஸ் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

பெரிய சைஸ் எடுக்காதீர்கள். நெற்றியில் மட்டும் அழுத்தி, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் உங்கள் தலை முன்பின்னாக நீண்டது, ஹெல்மெட்டின் உள்குழி வட்டமானது. பெரிய சைஸ் எடுத்தால் நெற்றி வலி போகும், பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். வேறு கம்பெனி ஹெல்மெட்டை அதே சைஸில் போட்டுப் பாருங்கள், உள்குழியின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காதுக்கு மேலே மட்டும் இறுக்கினால் கதை தலைகீழ்.

தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் விட்டு, பின்மண்டை எங்கே அதிகம் துருத்துகிறதோ அதன் வழியாகச் சுற்றி அளக்க வேண்டும். பல கம்பெனிகளில் மீடியம் என்றால் 55 முதல் 59 செ.மீ. வரை, ஆனால் அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது பின்னால் உள்ள திருகை இறுக்குங்கள், தாடை வாரை மாட்டாமலே தலையை ஆட்டுங்கள். புருவத்துத் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். தோல் அப்படியே நிற்க, மேலே ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது உங்களுடையது இல்லை. முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்கட்டும், அழகுக்காகப் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வார் இரண்டும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். மாட்டிவிட்டு வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டால் ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரிய வேண்டும்.

ஃபுல் ஃபேஸ் என்றால் கன்னத்துப் பஞ்சு கன்னத்தை நன்றாக அமுக்கட்டும். ஓட்ட ஓட்ட அது அமிழ்ந்துவிடும், புதிதாக வாங்கும்போதே சொகுசாக இருந்தால் சில மாதத்தில் லொடலொடவென்று ஆகிவிடும்.

சங்கிலி_எண்ணெய்:

மிப்ஸ் பற்றி. ஸ்வீடனில் மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் ஃபான் ஹோல்ஸ்டும் ஸ்டாக்ஹோம் கேடிஎச் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. விழும்போது தலை நேராகத் தரையில் மோதுவது அபூர்வம், சாய்வாகத்தான் மோதும். அப்போது மண்டை ஓடு சட்டென்று சுழலும், உள்ளே மூளை அதே வேகத்தில் கூடவே சுழலாது. அந்த இழுவைதான் மூளைக்கு ஆபத்து. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மெல்லிய உறை 10 முதல் 15 மி.மீ. வரை நகர்ந்து, அந்தச் சுழற்சியில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. வேவ்செல், லியாட்டின் டர்பைன் என்று வேறு வழிகளும் உண்டு, நோக்கம் ஒன்றுதான்.

சிபிஎஸ்சி சோதனையில் ஹெல்மெட்டை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுவார்கள், உள்ளே இருக்கும் பொம்மைத் தலையில் அதிர்ச்சி 300 ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 300 மடங்கு) தாண்டக் கூடாது. ஈஎன் 1078-இல் உயரமும் குறைவு, வரம்பும் 250 ஜி. இரண்டுமே நேரடி அடியைத்தான் அளக்கின்றன, சுழற்சியை அளப்பதில்லை. அதனால் ஸ்டிக்கரை மட்டும் வைத்து இதில் எது மேல் என்று சொல்ல முடியாது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சாய்வாக மோதவிட்டு நட்சத்திரமும் மதிப்பெண்ணும் தருகிறது, நட்சத்திரம் கூடினால் நல்லது, மதிப்பெண் குறைந்தால் நல்லது. பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பட்டியலில் முதலில் இருப்பது உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்றால் யோசிக்காமல் அடுத்ததற்குப் போங்கள், அளவுநாடா சொன்னதுதான் சரி.

வேரும்_பாறையும் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். வாரத்தில் பெரும்பாலும் மிதித்து ஏறுகிறவருக்கு, வெயில் காலத்தில் ஃபுல் ஃபேஸ் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் தொல்லைதான். நல்ல ஹாஃப் ஷெல் 350, 400 கிராம், அதை வாங்கிவிட்டுப் பார்க் போகும் அன்று மட்டும் ஃபுல் ஃபேஸை வாடகைக்கு எடுக்கலாமே?

வேரும்_பாறையும்:

வாடகை ஹெல்மெட் எத்தனை பேர் தலையோடு சேர்ந்து விழுந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நான் எடுக்க மாட்டேன்.

மண்_சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. கன்வர்ட்டிபிள் எனக்குச் சரிவருமா என்று யாரும் சொல்லவில்லையே, அது இரண்டுக்கும் நடுவில் நியாயமாகத் தெரிகிறது. அப்புறம், மோட்டோகிராஸ் ஓட்டும் நண்பன் ஒருவன் தன் பழைய ஹெல்மெட்டைச் சும்மா தருகிறேன் என்கிறான். அதுவும் ஃபுல் ஃபேஸ்தானே?

பழைய_டயர்:

வேண்டாம் தம்பி. மோட்டோகிராஸ் ஹெல்மெட் இன்னும் பெரிய அடிக்காகச் செய்தது, அதன் ஃபோம் கெட்டியாக இருக்கும். எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேலேயே போகும், மிதிக்கிற வேகத்தில் அதற்குள் காற்றும் போகாது. கழுத்துதான் பாவம்.

அதைவிட, பழையது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சைக்கிள் ஹெல்மெட்டோ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோ, உள்ளே பெரும்பாலும் தெர்மகோல் வகையான ஈபிஎஸ் ஃபோம்தான், அடி விழுந்தால் அது தன்னை நசுக்கிக்கொண்டு தலையைக் காப்பாற்றும். நசுங்கியது திரும்ப எழும்பாது. வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம், அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நண்பன் "ஒரு தடவைகூட விழவில்லை" என்பான், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடியே படாவிட்டாலும் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது சிபிஎஸ்சி. தயாரித்த தேதி உள்ளே ஒட்டியிருக்கும், புதிது வாங்கும்போதும் அதைப் பாருங்கள். ஸ்டிக்கர் பசையை எடுக்கிறேன் என்று தின்னர், பெட்ரோல் எதுவும் போட வேண்டாம், ஃபோம் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

கன்வர்ட்டிபிள் கெட்டது இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, தாடைப்பகுதியைப் பையில் எங்கே வைப்பது என்று அலுத்துப்போய் ஒன்று எப்போதும் மாட்டியே வைத்துவிடுவார்கள், அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். ஏற்றம் ஒரே நீளமாக, இறக்கம் ஒரே நீளமாக இருக்கும் இடத்தில் அது அருமை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பாதையில் யார் நின்று நின்று கழற்றி மாட்டுவது?

மண்_சக்கரம்:

எங்கள் பாதை இரண்டாவது ரகம், அதனால் கன்வர்ட்டிபிள் கழிந்தது. இப்போதுதான் அளந்தேன், 58 செ.மீ., காதுக்கு மேலே இடைவெளியும் அளவுநாடா சொன்னபடியே இருக்கிறது. இலகுவான ஃபுல் ஃபேஸ் இரண்டு கம்பெனியில் போட்டுப் பார்க்கப் போகிறேன். இரண்டுமே நெற்றியை அழுத்தினால் மிப்ஸ் உள்ள ஹாஃப் ஷெல்.

அளவுநாடா:

போகும்போது நீங்கள் ஓட்டும்போது போடும் கண்ணாடியையோ காகிள்ஸையோ எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணாடியின் காம்பு கன்னப் பஞ்சில் சிக்கிப் பொட்டை அழுத்துகிறதா, காகிள்ஸ் சட்டம் ஹெல்மெட்டின் முகத்திறப்பில் இடிக்காமல் உட்காருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். போட்டபடியே கடைக்குள் கால் மணி நேரம் சுற்றுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.