மறு: மீயகல வில்லையில் போலரைசர் – தமிழில் என்ன சொல்வது?

> முனைவாக்கி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது, ஐயா. போலரைசர் என்பது கேமரா வில்லையின் (லென்ஸின்) முன்னால் வளையத்தோடு மாட்டும் கண்ணாடி; மீயகல வில்லை என்பது மிக அகன்ற காட்சியை அள்ளும் வில்லை. முனை என்றதும் காந்தமும் மின்கலமும்தான் மனத்தில் வருகின்றன. ஒளிக்கு முனை ஏது? அது அதிரும் தளம்தான் இங்கே பொருள். அதனால் போலரைசேஷனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தரும் ‘தளவிளைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘தளவிளைவாக்கி’யில் உள்ள ‘ஆக்கி’ படமெடுப்பவருக்குப் பொருந்தவில்லை. நீல வானத்தின் ஒளியைக் காற்றின் மூலக்கூறுகளே சிதறடித்துத் தளப்படுத்திவிடுகின்றன, அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரச் செய்துவிடுகின்றன. நம் கையிலுள்ள கண்ணாடி அதில் ஒரு பங்கைத் தடுக்கிறது. எனவே ‘தளவடிப்பான்’ என்கிறேன். இணையத் தளத்தோடு குழம்பும் என்று அக்கா எழுதியிருந்தார். வில்லை, வானம் என்ற சொற்களுக்கு நடுவில் வரும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

எனக்கு இதைவிட முக்கியம், மீயகல வில்லையில் இந்த வடிப்பான் வானத்தில் உண்டாக்கும் கறுப்புக்கு ஒரு பெயர். சென்ற மார்ச் மாதத்தில் ஒரு மாலை, பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில், வடிப்பான் மாட்டிய 16 மில்லிமீட்டர் மீயகல வில்லையோடு நின்றேன். அந்தக் கரை வடக்கு நோக்கியது. சூரியன் நேர் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தான். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய இடத்தில்தான் வானொளி மிகுதியாகத் தளப்பட்டிருக்கும். முழுச்சட்டகக் கேமராவில் அந்த வில்லை கிடைமட்டமாக ஏறத்தாழ 97 பாகையை அள்ளுகிறது. விளைவு, கடலுக்கு மேலே படத்தின் நடுவில் கருநீலத் தூண் ஒன்று. இரு பக்கமும் வெளுத்த வானம். 50 மில்லிமீட்டரில் எடுத்திருந்தால் வானம் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்திருக்கும்.

> கரும்பட்டை என்றே சொல்லலாமே?

ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும் குறுக்கீட்டு விளைவைப் படித்தவர்களுக்குக் கரும்பட்டை வேறொன்று. மேலும், வடிப்பானின் தடித்த வளையம் படத்தின் நான்கு மூலைகளையும் இருட்டாக்குவதும் மீயகல வில்லையில்தான் அதிகம். அதற்கு மருந்து மெல்லிய வளையம். வானத்துக் கறுப்புக்கு அது உதவாது; வடிப்பானைக் கழற்ற வேண்டும், அல்லது வேறு திசைக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் ‘கருமை’ என்றே அழைத்தால், புதிதாகக் கற்பவர் விலை கொடுத்து மெல்லிய வளையம் வாங்கி ஏமாறுவார். நான் ஏமாந்தேன். ஆகவே முதலாவது ‘தளப்பட்டை’, இரண்டாவது ‘வளைய மறைப்பு’. காரணம் பெயரிலேயே இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுனில் சனிக்கிழமை நடக்கும் பயிற்சிக்கான கையேட்டில் இம்மூன்று சொற்களையும் சேர்க்க விரும்புகிறேன். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து