கிரன்சிரோல் சொந்தமாக அனிமே எடுப்பது நல்லதா, வாங்கிக் காட்டுவதோடு நிறுத்தியிருக்கலாமா?

ஆந்தைக்கண்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2020 பிப்ரவரியில் கிரன்சிரோல் 'ஒரிஜினல்ஸ்' என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. அதுவரை ஜப்பானில் ஒளிபரப்பாகும் அனிமேக்களை, அதாவது அந்த நாட்டு அனிமேஷன் தொடர்களை, லைசென்ஸ் வாங்கி, சப்டைட்டில் போட்டு, சில மணி நேரத்தில் இணையத்தில் நமக்குக் காட்டிக்கொண்டிருந்த கம்பெனி, அன்றிலிருந்து தன்னையும் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டது. வந்தவற்றைக் கொஞ்சம் பாருங்கள். 2021 ஜனவரியில் 'எக்ஸ்-ஆர்ம்'. முக்கியக் கதாபாத்திரங்கள் முப்பரிமாண கணினி பொம்மைகள், பக்கத்திலேயே அதே காட்சியில் கையால் வரைந்த துணைப் பாத்திரங்கள், இரண்டும் ஒரே உலகத்தில் நிற்பதாகவே தெரியாது. இயக்குநர் நிஜ மனிதர்களை வைத்துப் படம் எடுத்துப் பழகியவர், அனிமே அனுபவம் இல்லை. அப்புறம் 'ஹை கார்டியன் ஸ்பைஸ்': 2018ல் அறிவித்தது 2021 அக்டோபரில்தான் வந்தது. சந்தா கட்டுகிறவன் பணம் லைசென்ஸுக்கும், நல்ல சப்டைட்டிலுக்கும், அடிக்கடி தொங்காத ஆப்புக்கும் போகட்டும். தயாரிப்பு அவர்களுக்கு வராத வேலை.

செவ்வந்தி:
மோசமான இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டீர்கள், அதே பட்டியலில் இருந்த 'டவர் ஆஃப் காட்' எங்கே போனது? 2020 ஏப்ரலில் வந்தது. கொரிய வெப்டூனை, அதாவது இணையக் காமிக்ஸை, அனிமேவாக எடுக்க எந்த ஜப்பானியத் தயாரிப்புக் குழு முந்திக்கொண்டு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குழு எப்படி அமைகிறது என்று பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பதிப்பகம் பணம் போடுவது மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகம் விற்க, இசைக் கம்பெனி போடுவது தொடக்கப் பாட்டு விற்க, பொம்மைக் கம்பெனி பொம்மை விற்க, டிவி சேனல் நேரத்தை நிரப்ப. கொரியாவில் போனில் படிக்கிற ஒரு காமிக்ஸை எடுத்தால் இவர்களில் பாதிப் பேருக்கு விற்க ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட கதைக்கு முன்னால் வந்து பணம் வைக்க வெளிநாட்டுப் பார்வையாளரை வைத்துப் பிழைக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் 'தி காட் ஆஃப் ஹை ஸ்கூல்', அக்டோபரில் 'நோபிளெஸ்'. மூன்றும் கொரிய வெப்டூன். இந்தக் கதவு திறந்ததால்தானே 2024ல் இன்னொரு கொரியக் கதையான 'சோலோ லெவலிங்' அவ்வளவு பெரிதாக வந்தது?

ஆந்தைக்கண்:
'சோலோ லெவலிங்' பெருமையை இவர்கள் கணக்கில் எழுதாதீர்கள் தாயே. எடுத்தது ஏ-1 பிக்சர்ஸ், அதன் தாய்க் கம்பெனி அனிபிளெக்ஸ், தயாரிப்பில் ஊறிப்போன ஆட்கள். நான் சொல்வதும் அதுதான், தெரிந்தவர் செய்தால் உருப்படும்.

'தி காட் ஆஃப் ஹை ஸ்கூல்' கதையைத் தனியாகப் பேசலாம். எடுத்தது மாப்பா ஸ்டுடியோ. சண்டைகள் அருமை, மறுக்கவே இல்லை. ஆனால் வெப்டூன் நூற்றுக்கணக்கான அத்தியாயம், கையில் கொடுத்தது 13 எபிசோடு. போட்டி நடந்துகொண்டே இருக்கும், நடுவில் யாரோ ஒருவர் திடீரென்று பெரிய ரகசியத்தைச் சொல்வார், அவர் யார் என்று யோசிப்பதற்குள் அடுத்த சண்டை. வெப்டூன் படித்தவனுக்கு எரிச்சல், படிக்காதவனுக்குக் குழப்பம். 'நோபிளெஸ்' இன்னும் வேடிக்கை. கதையின் ஆரம்பம் 2016ல் வந்த ஒரு தனி ஓவிஏவில், அதாவது டிவிக்கு இல்லாமல் தனியாக வெளியிட்ட அனிமேவில், இருக்கிறது. 2020 சீரிஸ் ஏறக்குறைய அதற்கு அப்புறம் தொடங்குகிறது. புதிதாக வருகிறவன் வாசலைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கீஃபிரேம்:
இரண்டு பேருமே பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

வெப்டூன் மேலிருந்து கீழே விரலால் தள்ளிப் படிப்பது. மங்காவில் ஒரு பக்கத்துக்குள் கட்டங்கள் இருக்கும், எது பெரிது எது சிறிது என்று ஓவியரே முடிவு செய்திருப்பார், ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் வாரியாக முன்வரைவு, போடுகிறவருக்கு அதில் பாதி வேலை முடிந்துவிடும். வெப்டூனில் இரண்டு படங்களுக்கு நடுவே நீளமாக வெறும் கறுப்போ வெள்ளையோ ஓடும். அந்த வெற்றிடம்தான் நேரம். ஒருவன் கோபுரத்திலிருந்து விழுகிறான் என்றால் உங்கள் விரல்தான் அவனைக் கீழே தள்ளுகிறது. அதைக் குறுக்கே அகன்ற திரையில் கொண்டுவர வேண்டும் என்றால் ஒவ்வொரு ஷாட்டையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். ஆக இந்த வகைத் தழுவலுக்குச் சாதாரண மங்கா தழுவலைவிட முன் தயாரிப்பு நேரம் அதிகம் வேண்டும், நடந்தது என்னவோ 13 எபிசோடு கொடுத்து ஓடச் சொன்னதுதான். டெலிகாம் ஸ்டுடியோ 'டவர் ஆஃப் காட்'டில் கோட்டைத் தடிமனாக, கொஞ்சம் பிசிறோடு விட்டார்கள், வெப்டூனின் ஆரம்ப கால ஓவியம் மாதிரி. அது நல்ல முடிவு, பார்த்ததும் அடையாளம் தெரியும். கெவின் பென்கின் இசை வேறு. ஆனாலும் அந்த சீரிஸும் விளையாட்டு விதிகளை விளக்காமலே தாண்டித் தாண்டிப் போகும்.

இன்னொன்று, யார் பணம் போட்டாலும் ஸ்டுடியோவுக்குப் பொதுவாகக் கிடைப்பது பேசிய கூலி. குழுவில் பங்கு இல்லாவிட்டால் சீரிஸ் உலகம் முழுக்க ஓடினாலும் வரைந்தவர்களுக்கு அதில் ஒன்றும் திரும்பாது. 2022ல் மாப்பா 'செயின்சா மேன்' சீரிஸுக்கு முழுப் பணத்தையும் தானே போட்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. விநியோகஸ்தர் தயாரிப்பாளர் ஆகிறாரா இல்லையா என்பதைவிட, ஆனபின் ஸ்டுடியோவுக்கு என்ன கொடுக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பழைய_விசிடி:
இது ஏதோ 2020ல் முளைத்த வழக்கம் மாதிரி பேசுகிறீர்கள். 1995ல் 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்துக்குக் கோடன்ஷா, பண்டாய் விஷுவல் ஆகியவற்றோடு சேர்ந்து பணம் போட்டது மங்கா என்டர்டெயின்மென்ட், அது வீடியோ கேசட் விற்றுக்கொண்டிருந்த வெளிநாட்டு விநியோகஸ்தர். அந்தப் பணம் வந்ததில் யாருக்கு நஷ்டம்? விநியோகஸ்தர் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது, ஆங்கிலப் பதிப்பில் கடைசி டைட்டிலில் இசையமைப்பாளர் கென்ஜி கவாய் இசையை எடுத்துவிட்டு பாசெஞ்சர்ஸ் குழுவின் பாட்டை வைத்தார்கள். எனக்கு இன்றும் அது உறுத்தும். ஆனால் படத்துக்குள் கை வைக்கவில்லை, அதை இயக்குநர் ஒஷியியிடம் விட்டார்கள்.

கிரன்சிரோலும் 2006ல் தொடங்கியபோது யார் யாரோ அனுமதியில்லாமல் ஏற்றிய வீடியோக்களால் ஓடிய தளம். 2009ல் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு நருட்டோவை ஜப்பானில் ஓடியதும் காட்டத் தொடங்கியபோது, இவர்களுக்கு லைசென்ஸ் வியாபாரம் என்ன தெரியும் என்று கேட்டவர்களும் உண்டு.

ஆந்தைக்கண்:
விசிடி அண்ணே, ஒரு படத்துக்கு மூன்றாவது பங்காளியாக இருப்பது வேறு, தன் பெயரைத் தலையில் ஒட்டி வரிசையாக இறக்குவது வேறு. 'ஒரிஜினல்' முத்திரையைப் போட்டுவிட்டு 'எக்ஸ்-ஆர்ம்' வந்ததும் அது எங்கள் பொறுப்பில்லை என்று ஒதுங்க முடியாது.

செவ்வந்தி:
முத்திரை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. அந்த ஒரே முத்திரைக்குள் பல சரக்கு இருந்தது. 'ஹை கார்டியன் ஸ்பைஸ்' கலிஃபோர்னியாவில் அவர்கள் சொந்த ஸ்டுடியோவில் எடுத்தது. 'இன்/ஸ்பெக்டர்' ஜப்பானிய நாவலில் இருந்து ஜப்பானிய ஸ்டுடியோ எடுத்தது, இவர்கள் பங்காளிகளில் ஒருவர். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது, அதனால் ஒன்று சொதப்பினால் எல்லாவற்றின் மேலும் சேறு. பங்கு எவ்வளவு, முடிவெடுத்தது யார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. தயாரிப்பில் இறங்கியதே தப்பு என்பது வேறு வாதம், அதை நான் ஏற்கவில்லை. ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023ல் மொத்தச் சந்தை ஏறத்தாழ 3.3 லட்சம் கோடி யென், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து. பாதிப் பணம் வெளியிலிருந்து வரும்போது எதை எடுப்பது என்ற பேச்சில் வெளியாட்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கூடாதா?

ஆந்தைக்கண்:
நாற்காலியில் உட்காருவது பார்வையாளர்கள் இல்லையே, சோனி! 2021ல் 117.5 கோடி டாலருக்கு கிரன்சிரோலை வாங்கினார்கள். அனிபிளெக்ஸும் அவர்கள் வீட்டுப் பிள்ளை. எடுப்பவர், காட்டுபவர், கடைசியில் விருது கொடுப்பவர் எல்லாம் ஒரே குடும்பம். 2025ல் கிரன்சிரோல் விருதில் ஆண்டின் சிறந்த அனிமே எது? 'சோலோ லெவலிங்'. என்ன ஒரு ஆச்சரியம்.

செவ்வந்தி:
2023ல் அதே விருது 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' சீரிஸுக்குப் போனது. அது நெட்ஃபிளிக்ஸில் மட்டும் ஓடியது. குடும்பப் பாசம் அந்த ஆண்டு விடுமுறையில் இருந்ததா?

கீஃபிரேம்:
😄 இது நல்ல அடி.

ஆனால் ஆந்தை சொல்வதில் விருதை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு கவலை மிஞ்சுகிறது. எல்லாருடைய சீரிஸையும் காட்டும் இடம் தன் சொந்த சீரிஸையும் காட்டினால் முகப்புப் பக்கத்தில் யாருக்கு இடம்? சிறிய ஸ்டுடியோ எடுத்த சீரிஸ் ஐந்தாவது வரிசைக்குப் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் பார்க்காவிட்டால் இரண்டாவது சீசன் கிடையாது. 2025 மார்ச்சில் அனிபிளெக்ஸும் கிரன்சிரோலும் சேர்ந்து ஹயாத்தே என்று புதுத் தயாரிப்புக் கம்பெனியே அறிவித்துவிட்டார்கள், ஆக இறங்கலாமா கூடாதா என்ற கேள்வியெல்லாம் முடிந்துபோன கதை. நான் பார்க்கப்போவது ஒன்றுதான், ஆரம்பத்திலேயே 24, 25 எபிசோடுக்குத் திட்டம் போடுகிறார்களா, அல்லது 13ஐ எடுத்துவிட்டு ஆழம் பார்க்கிறார்களா. 'டவர் ஆஃப் காட்' இரண்டாவது சீசன் வர 2024 ஜூலை ஆனது, அதற்குள் ஸ்டுடியோவும் மாறி, முதல் சீசனின் அந்தப் பிசிறுக் கோடும் போய்விட்டது.

ஆந்தைக்கண்:
25 எபிசோடுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி எடுக்கட்டும், அப்போது நானே முதல் ஆளாகப் பார்க்கிறேன். அதுவரைக்கும் எனக்கு அவர்கள் லைசென்ஸ் கடைதான்.

புதுவரவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

செவ்வந்தி:
'டவர் ஆஃப் காட்' முதல் சீசன். விதி புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், கதாநாயகன் பாமுக்கும் புரியாது, அவனோடு சேர்ந்தே ஏறுங்கள். 'நோபிளெஸ்' பக்கம் போனால் முதலில் அந்த 2016 ஓவிஏ.

ஆந்தைக்கண்:
எக்ஸ்-ஆர்ம். முதல் எபிசோடு மட்டும். பார்த்துவிட்டு இங்கே வந்து யார் பக்கம் என்று சொல்லுங்கள்.