மன்சோனி நாவல் குறித்து ஓர் உதவி

வணக்கம். அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனியின் ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’ (‘மணம் நிச்சயமானவர்கள்’) நாவலை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1827இல் வந்த இத்தாலிய நாவல். திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று முறை படித்ததாகச் சொன்னது. 2015இல் திருமணம் நிச்சயமானவர்களுக்கும் பரிந்துரைத்தார்.

அடியாட்களுக்குப் பயந்து, நாவலின் காதலர்களான ரென்ட்ஸோ, லூசியாவின் கல்யாணத்தை நடத்திவைக்க மறுக்கும் பங்குச் சாமியார் அபோந்தியோ மேல் முதல் வாசிப்பில் கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது அவர் பயத்தைப் பார்த்து இரக்கமும் வருகிறது. அதைவிடத் துறவி கிறிஸ்தோபோரோதான் என்னை விடமாட்டேன் என்கிறார். தான் கொன்றவனின் சகோதரன் மன்னித்துக் கொடுத்த ரொட்டியில் ஒரு துண்டை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, கொள்ளைநோய் முகாமில் ரென்ட்ஸோவிடமும் லூசியாவிடமும் ஒப்படைக்கிறார். திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகப் பகிரப்படும் அப்பமான நற்கருணையை நினைக்காமல் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆபத்தில் லூசியா மாதாவுக்குச் செய்த கன்னிமை நேர்ச்சையை இதே துறவி அந்த முகாமில் விலக்கிவிடுகிறார். 1630இல் ஒரு கப்புச்சின் சபைத் துறவிக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது? திருச்சபைச் சட்டம் படித்த அருள்தந்தையர் யாராவது விளக்குங்களேன்.

அப்புறம், தமிழ் மொழிபெயர்ப்பு எதுவும் உண்டா? ஆங்கிலத்தில் புரூஸ் பென்மன், மைக்கேல் மூர் இருவரில் யாருடையது படிக்க இலகு? பங்கு இளையோரோடு சேர்ந்து வாசிக்க ஆசை.