புதுப்பிப்பு: உபுண்டு அப்டேட் சிக்கல் தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேனே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டப் பிள்ளைகள் படிக்கும், உபுண்டு இயங்குதளம் ஓடும் பழைய கணினியில், மென்பொருள்களை நிர்வகிக்கும் ஆப்ட் நிரலுக்குப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கட்டளை கொடுத்தால், ‘ரிலீஸ் ஃபைல் (பட்டியலோடு வரும் தேதியிட்ட கோப்பு) இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நின்றுவிடுகிறதென்று? மிரரை, அதாவது கோப்புகளை இறக்கும் சர்வரை, மாற்றியும் பலனில்லை. கோளாறு கணினியின் கடிகாரத்தில்தான்! இடி மழைக்குப் பயந்து தினமும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகையில்) காசு அளவில் இருக்கும் பேட்டரி செத்துப்போய், தேதி ஈராண்டு பின்னால் கிடந்தது. கோப்பின் தேதி அதற்கு எதிர்காலம். ஆப்ட் எப்படி நம்பும்?

கடிகாரக் கடையில் சிஆர்2032 பேட்டரி வாங்கி, பழசை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு மாட்டினேன். அணைந்து கிடந்த இணைய நேர ஒத்திசைவையும் ‘டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ’ கட்டளை கொடுத்து இயக்கினேன். அப்புறம் அப்டேட் தடையில்லாமல் ஓடியது. முதலில் தேதியைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. தேதிச் சோதனையையே நிறுத்திவிடும் வழியை இன்னொருவர் சொன்னார். பிள்ளைகள் தொடும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.