கிறிஸ்துமஸுக்காகப் பின்னுகிற குரோஷே நட்சத்திரம் கிண்ணம் மாதிரி குழிந்துவிடுகிறது, எங்கே தப்பு?

புதுநூல்

வணக்கம் தோழிகளே. ஒரு வருடமாக குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், பின்னுகிறேன். இதுவரை பின்னியது மஃப்ளர், தொப்பி, ஒரு சின்னப் போர்வை, அவ்வளவுதான். இந்த முறை கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுவதையும் கையாலேயே செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஜன்னலுக்கு நட்சத்திரத் தோரணம், மரத்தில் தொங்கவிட இருபது பனிப்பூக்கள், கொஞ்சம் உருண்டைகள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

வீட்டில் இருந்த வெள்ளை அக்ரிலிக் உல்லனும் 4 மி.மீ. ஊசியும் வைத்துத் தொடங்கினேன். முதல் பிரச்சினை, ஆறு முனை நட்சத்திரம் தட்டையாகவே வரவில்லை. பேட்டர்னில் (பின்னல் குறிப்பில்) மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 6 டபுள் குரோஷே, அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18, பிறகு முனைகளுக்கு ட்ரெபிள் என்று போட்டிருந்தது. கண்ணிகளை எண்ணி எண்ணித்தான் போட்டேன், ஒன்று கூட குறையவில்லை. ஆனாலும் நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்து நிற்கிறது, முனைகள் உள்பக்கமாக மடங்குகின்றன. மேஜையில் வைத்து அழுத்தினால் படிகிறது, கையை எடுத்தால் மறுபடி எழுந்துகொள்கிறது.

சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் விறைப்பாக நிற்கும் என்றார்கள். செய்து பார்த்தேன், மேலே பிசுபிசுப்பு, உள்ளே தொளதொளவென்றுதான் இருக்கிறது. தோரணமோ கட்டிய மூன்றாம் நாளே நடுவில் ஒரு சாண் இறங்கிவிட்டது. என் கை இறுக்கமா, நூல் சரியில்லையா, ஊசி மாற்ற வேண்டுமா? ஏழு நட்சத்திரம் பின்னிவிட்டேன், பிரிக்க மனம் வரவில்லை.

கொக்கிஊசி

தோழி, உங்கள் கையிலும் தப்பில்லை, எண்ணிக்கையிலும் தப்பில்லை. ஒரு கேள்வி: அந்த பேட்டர்னில் எங்கேயாவது "சிங்கிள் குரோஷே" என்று வருகிறதா? வராது என்றே நினைக்கிறேன். டபுளும் ட்ரெபிளும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையில் எழுதிய பேட்டர்ன். பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்று சொல்வது அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே. அவர்களுடைய ட்ரெபிள்தான் அமெரிக்கர்களுடைய டபுள். வீடியோ பார்த்துக் கற்றவர்கள் பலருக்கும் அமெரிக்கப் பெயர்களே பழக்கம். அதனால் நீங்கள் ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றி உயரமான கண்ணி போட்டிருப்பீர்கள், எழுதியவர் கேட்டதோ நூலே சுற்றாத குட்டைக் கண்ணி.

உயரம் மாறினால் ஏன் குழிகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இனி எந்த பேட்டர்னையும் நீங்களே சரிபார்க்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப் போல ஏறக்குறைய 6.28 மடங்கு கூட வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான். சிங்கிள் குரோஷே கண்ணி கிட்டத்தட்ட உயரமும் அகலமும் சமமாக இருக்கும். அதனால் ஒரு சுற்று போட்டால் ஆறு கண்ணி கூட்டினால் போதும், தட்டையாக வரும். 6, 12, 18 என்பது அந்தக் கணக்கு. அமெரிக்க டபுள் குரோஷே அதைப் போல இரண்டு மடங்கு உயரம். அதற்கு 12, 24, 36 என்று சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நீங்கள் உயரக் கண்ணி போட்டு ஆறு ஆறாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள். விளிம்பில் துணி போதாமல் உள்ளே இழுக்கிறது, கிண்ணம் வருகிறது. எத்தனை அழுத்தினாலும் எழுந்துகொள்ளும்.

இதற்கு நேர்மாறாகக் கண்ணி அதிகமாகிவிட்டால் விளிம்பு அலை அலையாக நெளியும். சும்மா சொல்லவில்லை, 1997-இல் டைனா தைமினா என்ற கணிதப் பேராசிரியர் ஒவ்வொரு சுற்றிலும் வேண்டுமென்றே கண்ணியைப் பெருக்கிக்கொண்டே போய், ஹைபர்போலிக் தளம் என்ற வளைந்த வடிவத்தைக் குரோஷேயிலேயே செய்து காட்டினார். காகிதத்தில் ஒட்டினால் கிழிந்துபோகிற உருவம் அது, நூலில் நின்றது. குழிந்தால் கண்ணி குறைவு, நெளிந்தால் கண்ணி அதிகம், இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னிய ஏழையும் பிரிக்க வேண்டாம். குழிந்திருப்பதை அப்படியே கவிழ்த்து, நடுவில் ஒரு கொக்கி வளையம் வைத்து, உள்ளே ஒரு மணி தொங்கவிட்டால் மரத்தில் மாட்டும் மணி ஆகிவிடும். வடிவம் தானாக வந்திருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்?

வெண்பனி

கொக்கிஊசி அக்கா சொன்னதுதான் காரணம். நான் விறைப்பு பற்றி மட்டும் சொல்கிறேன், பனிப்பூ வேலையில் பாதி அழகு ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் வருகிறது.

முதலில் நூல். அக்ரிலிக் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் நீங்கள் போட்ட சர்க்கரைப் பாகு மேலேயே தங்கிவிட்டது. பனிப்பூவுக்கு மெர்சரைஸ்டு (பளபளப்பாகப் பதப்படுத்திய) பருத்தி நூல்தான் சரி, பத்தாம் எண். நூலில் எண் கூடக் கூட மெல்லிசாகும், இருபதாம் எண் இன்னும் மெலிசு, ஆரம்பத்தில் வேண்டாம். ஊசி 1.5 அல்லது 1.75 மி.மீ. ஸ்டீல். உல்லனிலிருந்து வருபவர்களுக்கு முதல் இரண்டு நாள் விரல் வலிக்கும், கண்ணும் தேடும், மூன்றாவது பூவில் பழகிவிடும்.

விறைப்புக்கு, காய்ந்தால் கண்ணாடி போல் ஆகும் வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். சர்க்கரை பழைய முறை, ஈரக்காற்று பட்டால் இளகும், எறும்பும் வரும். கஞ்சி போட்டாலும் நிற்கும், நன்றாகவே நிற்கும், ஆனால் அடுத்த வருடம் வரை எடுத்து வைக்கிற பொருளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மாவுச்சத்தைத் தேடி ராமபாணப் பூச்சி வந்துவிடும்.

இப்போது குண்டூசி குத்துகிற வேலை. ஒரு தாளில் காம்பஸால் வட்டம் வரையுங்கள். காம்பஸின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் மேலேயே ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி என்று வெட்டிக்கொண்டே போனால் சரியாக ஆறு இடத்தில் முடியும், கோணமானி தேவையில்லை. அந்தத் தாளைத் தெர்மாகோல் மேல் வைத்து, அதன் மேல் மெல்லிய பாலிதீன் இழுத்து ஒட்டிவிடுங்கள். பூவைப் பசைத்தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, முறுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிழியுங்கள். கண்ணிகளுக்கு நடுவே பசை வெள்ளைப் படலமாக நின்றால் ஊதினால் போய்விடும். நடுவில் முதல் ஊசி. பிறகு ஒரு முனை, உடனே அதற்கு நேர் எதிர் முனை. இப்படி ஜோடி ஜோடியாகக் குத்தினால்தான் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளாது. சின்ன வளைவுகளுக்கும் சோம்பல் படாமல் ஆளுக்கொரு குண்டூசி. குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். சாதாரண ஊசி குத்திய என்னுடைய முதல் பன்னிரண்டு பூவிலும் முனைக்கு முனை பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது, எதைப் போட்டும் போகவில்லை. ஒரு முழு நாள் காயட்டும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், தண்டுப்பகுதி உள்ளே ஈரமாகவே இருக்கும்.

இருபது பூவுக்கும் வேறு வேறு மாதிரி வேண்டுமென்றால் வில்சன் பென்ட்லி எடுத்த படங்களைப் பாருங்கள். 1885-இல் ஒற்றைப் பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்த முன்னோடிகளில் ஒருவர், பிற்பாடு 5000-க்கும் மேல் எடுத்தார். பெரும்பாலும் ஆறு கை அல்லது ஆறு பக்கம். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்ளும், அதனால் எட்டு முனையில் பின்னிவிட்டுப் பனிப்பூ என்று சொல்வது எனக்கு ஒப்பாது. எட்டு முனை நட்சத்திரம் என்று சொல்லலாம், தாராளமாக.

புதுநூல்

இப்போதுதான் பேட்டர்னை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிங்கிள் குரோஷே என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை! பத்து நாளாக நூலையும் ஊசியையும் மாற்றி மாற்றிச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், பெயரைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. அக்கா, மணி யோசனைக்கு ரொம்ப நன்றி. அப்புறம், கைவசம் இருக்கிற அக்ரிலிக் எல்லாம் எதற்கும் ஆகாதா? சிவப்பும் பச்சையும் நிறைய இருக்கிறது. தோரணத்துக்கு என்ன செய்வது?

சங்கிலிப்பின்னல்

அக்ரிலிக்கை ஒதுக்க வேண்டாம். உருண்டைக்கு அதுதான் நல்லது, லேசாக இருக்கும், கிளை தாழாது. சிங்கிள் குரோஷேயில் 6-இல் தொடங்கி 36 வரை ஆறு ஆறாகக் கூட்டுங்கள், பிறகு கூட்டாமல் குறைக்காமல் ஆறு சுற்று, அப்புறம் வந்த வழியே 30, 24, 18, 12 என்று இறங்குங்கள். குறைக்கும்போது இரண்டு கண்ணியின் முன் இழையை மட்டும் ஊசியில் எடுத்துச் சேர்த்துப் போட்டால் ஓட்டை தெரியாது. 12-இல் நிறுத்திப் பஞ்சை அடைத்து, பிறகு 6-க்கு இறங்கி மூடிவிடுங்கள். பஞ்சு கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் வரை அடையுங்கள், நாளாக ஆக அமுங்கும்.

தோரணம் இறங்குவது சங்கிலியால். வெறும் சங்கிலிப் பின்னல் எந்த நூலில் போட்டாலும் எடை தொங்கினால் நீளும், உல்லன் இன்னும் அதிகமாக நீளும். ஒரு மெல்லிய பருத்திக் கயிற்றைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, அதை உள்ளே வைத்து அதன் மேலேயே சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டு போங்கள். இழுவை முழுவதையும் கயிறு தாங்கிக்கொள்ளும், வெளியே உங்கள் சிவப்போ பச்சையோ மட்டும் தெரியும். நட்சத்திரத்தை ஒரே முனையில் கட்டாதீர்கள், காற்றுக்குச் சுழன்று முதுகைக் காட்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு முனைகளைக் கயிற்றோடு சேர்த்துப் பின்னிவிட்டால் முகம் திரும்பாமல் நிற்கும். ஜன்னல் அகலத்தை அளந்து அதே நீளம் வெட்டிவிடாதீர்கள், வளைவுக்கு இடம் விட்டு முதலில் வெறும் கயிற்றைக் கட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீலக்கண்டு

சிவப்பு என்றதும் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தேன். வெள்ளை நட்சத்திரத்துக்குச் சிவப்பு நூலில் விளிம்பு கட்டி, அழகாக வந்திருக்கிறது என்று பசைத்தண்ணீரில் முக்கினேன். எடுக்கும்போது நட்சத்திரம் முழுக்க இளஞ்சிவப்பு. மூன்று மாலை உட்கார்ந்து பின்னியது, இன்று நினைத்தாலும் மனது வலிக்கிறது. சிவப்போ கரும்பச்சையோ எடுத்தால், ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். துளி சாயம் இறங்கினாலும் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாக விறைப்பாக்கி, காய்ந்தபின் தைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, விளக்கு. எல்.ஈ.டி. சர விளக்கோடு பின்னியவற்றைக் கட்டலாம். பழைய இழை பல்புகள் நன்றாகச் சுடும், அவற்றின் மேல் படவிடாதீர்கள். மெழுகுவர்த்திப் பக்கம் வேண்டவே வேண்டாம். பருத்தி பற்றிக்கொள்ளும், அக்ரிலிக் உருகிச் சொட்டும்.

புதுநூல்

நான்கு நாள் கழித்து வருகிறேன். பருத்தி நூல் வாங்கி, 1.75 ஊசியில் முதல் நட்சத்திரத்தை ஆரம்பத்திலிருந்து போட்டேன். சிங்கிளில் 6, 12, 18. மூன்றாம் சுற்று முடிந்து மேஜையில் வைத்தேன், ஒரு நாணயம் போல அப்படியே படிந்து கிடந்தது. கை வைக்கவே இல்லை. சொன்னபடி எதிர் எதிராகக் குத்தி, மறுநாள் இரவு வரை தொடவில்லை. ஊசிகளை எடுத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஆறு கையும் நேராக நிற்கிறது, வெளிச்சத்துக்குக் காட்டினால் கண்ணிகளின் நிழல் சுவரில் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழிந்த ஏழில் நான்கு மணியாகிவிட்டது. சிவப்பு நூலைச் சோதித்தேன், சாயம் இறங்கியது, அதனால் அது உருண்டைக்கு மட்டும். இதுவரை வெள்ளையில் ஐந்து ஆயிற்று, கண்டு தீரப்போகிறது, நாளைக்கு இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.

வெண்பனி

போகும்போது பழைய கண்டின் லேபிளைக் கையில் கொண்டுபோங்கள். வெள்ளையிலும் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்குத் தொகுதி) நிறம் மாறும், பகலில் தெரியாது, விளக்கு போட்டால் ஒன்று நீலமாகவும் ஒன்று மஞ்சளாகவும் காட்டும். அதே லாட் எண் கிடைக்கவில்லையென்றால் புதிய நூலைத் தோரணத்துக்கும் பழையதை மரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.