யானைக்குட்டியைக் கொல்லும் ஹெர்பெஸ்: தடுப்பூசி ஏன் இத்தனை தாமதம்?

கேள்வி: காலையில் விளையாடிய குட்டி மறுநாளே இறந்துவிடுமாமே, ஹெர்பெஸ் வைரஸுக்கு அவ்வளவு வேகமா?

பதில் 1: ஆமாம். இரத்தக்குழாயின் உட்சுவரைத்தான் தாக்கும். உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். நான் ஆசிய யானைக்குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். தினமும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பேன். நுனி நீலம் பாரித்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்த கதைதான். அதனால்தான் வாராவாரம் இரத்தப் பரிசோதனை. (ஊசி குத்தும்போது பழம் கொடுத்தால் காதை நீட்டிக்கொண்டு நிற்கும்!)

கேட்டவர்: சரி, 1999-இலேயே வைரஸை அடையாளம் கண்டார்களே, தடுப்பூசி?

பதில் 2: அந்த வைரஸ் ஆய்வகத்தில் வளர மாட்டேன் என்கிறது, அதுதான் தலைவலி. 2024 ஜூனில் அமெரிக்காவின் ஹூஸ்டன் உயிரியல் பூங்காவில் டெஸ் என்ற 40 வயது யானைக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசி (வைரஸின் புரதத்தைச் செய்ய உடலுக்குக் குறிப்பு தரும் வகை) போட்டார்கள்.

பதில் 1: இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவிலும் வேறு வகை ஒன்றை வளர்ந்த யானைகளுக்குப் போட்டார்கள். டி செல்கள், அதாவது வைரஸை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், விழித்துக்கொண்டன.