ஜப்பான் பயணம்: விழா நாளைக் கணக்கிட்டுச் செல்வதா, தவிர்த்துச் செல்வதா?

கார்முகில்:
ஜூலை மாதக் கியோட்டோவில் புழுக்கமும் கூட்டமும் தாங்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள் என்று இங்கே பலர் அறிவுரை கூறுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஜூலை 17 அன்று நடக்கும் கியோன் விழா ஊர்வலத்துக்காகவே ஒரு பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டப்படும் தேர்களில் பெரியவை பத்து டன்னுக்கு மேல் எடையுள்ளவை; அவற்றின் சக்கரங்கள் இடமோ வலமோ திரும்பா. எனவே சந்திகளில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுத்தே திருப்புகிறார்கள். திருவாரூர்த் தேர் வீதி திரும்புவதைக் கண்டவர்களுக்கு அந்தக் கணத்தின் படபடப்பை விளக்க வேண்டியதில்லை.

நெடுவழி:
நண்பர் கூறும் காட்சி அரியதுதான். ஆனால் நடைபாதையில் நிற்கும் பயணிக்கு முன்னால் நிற்பவர்களின் தலைகளே தெரியும். டொயாமா மாநிலத்தின் யட்சுவோவை எண்ணிப் பாருங்கள். புயற்காற்று பயிரை அழிக்காதிருக்க வேண்டி, செப்டம்பர் 1 முதல் 3 வரை அங்கே கஸே நோ போன் விழா நடக்கிறது. முகத்தை மறைக்கும் வைக்கோல் தொப்பி அணிந்தவர்கள் ஷாமிசென், கோக்யூ ஆகிய நரம்பிசைக் கருவிகளின் மெல்லிய இசைக்கு ஆடுகிறார்கள். அந்த அமைதிதான் விழாவின் உயிர். அதை நாடி லட்சக்கணக்கானோர் சிறிய மலையடிவாரத் தெருக்களில் குவியும்போது முதலில் மறைவதும் அதுவே. பருவத்தைச் சுவைக்க விழா எதற்கு? ஏப்ரல் இறுதியில் தொடங்கும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை முடிந்த பின், மே மாத நடுவில் கியோட்டோவுக்குச் செல்லுங்கள். நவம்பரில் சிவந்த இலைகளுக்காகக் கூட்டம் நெரிக்கும் அதே கோயில் தோட்டங்களில், இளம்பச்சை மேப்பிள் இலைகளின் கீழ் நிதானமாக நடக்கலாம்.

கார்முகில்:
பருவத்தையும் விழாவையும் அப்படிப் பிரிக்க முடியாது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய மாகாணங்களின் எண்ணிக்கைப்படி 66 ஈட்டிகளை நிறுத்தி நோய் நீங்க வேண்டிக்கொண்டதே கியோன் விழாவின் தொடக்கம் என்கிறது மரபு. மலைகள் சூழ்ந்த அந்நகரில் வெப்பமும் ஈரமும் நோயைக் கொண்டுவந்த காலத்தில் பிறந்த வேண்டுதல் அது. அந்தப் புழுக்கத்தில் நின்று பார்ப்பவருக்கே அதன் காரணம் விளங்கும். மே மாதத் தோட்டம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஊர் மக்கள் தம் கோடையை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை நாம் காண்பதில்லை.

செம்பருத்தி:
இருவரும் விழாக்களின் முக்கிய நாட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கியோன் விழாவுக்கு ஜூலை 24 அன்று இரண்டாம் ஊர்வலமும் உண்டு. 1966இல் முதல் ஊர்வலத்தோடு இணைக்கப்பட்டு, 2014இல் மீண்டும் தனியாக்கப்பட்டது. முதல் ஊர்வலத்தில் 23 தேர்கள் என்றால் இதில் 11. முந்தைய மாலைகளில் சாலையை அடைக்கும் உணவுக் கடைகளும் இல்லாததால், தேர்களை அலங்கரிக்கும் துணிகளை அருகே நின்று பார்க்க முடியும். இவ்விழாத் தேர்களின் சேகரிப்பில் தக்காணத்தில் நெய்யப்பட்ட பழைய கம்பளங்களும் இருப்பதை நம்மவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். யட்சுவோவிலும் ஆகஸ்ட் 20 முதல் 30 வரை முன்விழா நடக்கிறது. ஊரின் பதினொரு பகுதிகளும் இரவுக்கு ஒன்றாக முறைவைத்து ஆடுகின்றன.

நெடுவழி:
செம்பருத்தி தரும் தகவல் பயனுள்ளது. எனினும் என் கவலை தீரவில்லை. கூட்டம் குறைந்த நாள் என்று நாம் எழுத எழுத, அந்த நாளும் நிறையும். கியோன் பகுதியில் பயணிகள் கெய்ஷா எனப்படும் மரபுக் கலைஞர்களைத் துரத்திப் படமெடுத்ததால் 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளில் நுழையத் தடை விதிக்க நேர்ந்ததை மறந்துவிட வேண்டாம்.

கார்முகில்:
அது கண்டிக்கத்தக்க நடத்தை; அதற்காக விழாவுக்கே வரக்கூடாது என்பது பொருந்தாது. ஆகஸ்ட் 2 முதல் 7 வரை வட ஜப்பானின் அவோமோரி நகரில் நடக்கும் நெபுத்தா விழாவில், ஹனெதோ எனப்படும் ஆட்டக்காரர்களின் உடையை வாடகைக்கு எடுத்து முறையாக அணிந்த வெளியூர்க்காரர்களும், ஒளிரும் பெரும் காகித உருவங்களின் அருகே துள்ளி ஆட அனுமதிக்கப்படுவது நீண்ட கால வழக்கம். உள்ளே வந்து ஆடு என்று ஊரே அழைக்கும்போது, அதையும் தவிர்க்கச் சொல்வீர்களா?